வெயில் மேல் ஏன் பழி?

ஏப்ரல் பிறந்தால் செய்தித்தாள்களில் மூன்று விஷயம் தவறாமல் வரும். சாலையோரம் தர்பூசணி குவிந்தது. நுங்கு விலை ஏறியது. நாமக்கல்லில் வெயில் தாங்காமல் கோழிகள் செத்தன. முதல் இரண்டுக்கும் கலரில் படம் போடுவார்கள். மூன்றாவதற்குப் படம் கிடையாது, நாலு வரிதான். நீங்களும் நானும் அந்த நாலு வரியைத் தாண்டித்தான் சினிமா பக்கத்துக்குப் போகிறோம்.

இந்த வாரம் அந்த நாலு வரியில் கொஞ்சம் நில்லுங்கள். அதில் ஒரு வார்த்தையோடு எனக்குச் சண்டை இருக்கிறது. ‘வெயிலால்’ என்கிற வார்த்தை.

அந்தக் கோழி வெயிலைப் பார்த்ததே இல்லை, ஸார். பொரித்த நாளிலிருந்து கூரைக்குக் கீழேதான் வாசம். சுமார் 16 வாரம் ஆனதும் கம்பிக் கூண்டுக்குள் போகிறது. 72 வாரமோ 80 வாரமோ ஆகும்வரை முட்டை. முட்டை குறைந்ததும் கறிக்கு லாரி. நேராக வெயில் முதுகில் படுவது அந்த லாரிப் பயணத்தில்தான். அதற்கு முன்னால் ஒரு மே மாத மதியம், கூரை நிழலிலேயே, வாயைப் பிளந்து, இறக்கையை விரித்து, கழுத்தை முன்னால் போட்டுச் செத்துப்போகிறது. நிழலில் இருந்த ஜீவனை வெயில் எப்படிக் கொன்றது என்று யாருமே கேட்பதில்லை.

கேட்டுப் பார்த்தால் வில்லன் வேறு ஆள் என்று தெரிகிறது.

*

முதலில் கோழியின் உடம்பைப் பற்றிக் கொஞ்சம். அதற்கு வியர்வை கிடையாது. வியர்வைச் சுரப்பியே இல்லாமல் மேலே ஒரு சிறகுப் போர்வை வேறு. உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 டிகிரி செல்சியஸ், அதாவது 106 பாரன்ஹீட்டை ஒட்டி. நமக்கு அப்படி இருந்தால் ஐ.சி.யூ.வில் சேர்த்துவிட்டு சொந்தக்காரர்களுக்குப் போன் போடுவார்கள். கோழிக்கு அது நார்மல். அது 46, 47க்குப் போனால் முடிந்தது கதை.

இந்த உடம்பு சும்மா உட்கார்ந்திருக்காது. தினமும் 100 கிராமுக்கு மேல் தீவனம் தின்று, ஏறக்குறைய தினம் ஒரு முட்டை போடுகிற யந்திரம். யந்திரம் ஓடினால் சூடு வரும். ஒன்றரைக் கிலோ முட்டைக்கோழி ஒன்று சுமார் 10 வாட் சூட்டை வெளியே விடுகிறது. 10 வாட் என்ன பிரமாதம் என்பீர்கள். பத்தாயிரம் கோழி உள்ள ஷெட்டுக்குப் போடுங்கள் கணக்கை. 100 கிலோவாட். உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி ஆயிரம் வாட். நூறு இஸ்திரிப் பெட்டிகளை ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வைத்து, ராத்திரி பகல் ஆன் செய்து விட்ட மாதிரி.

இந்தச் சூட்டை வெளியே கொண்டு போகிற ஆள் ஒருவர்தான். காற்று. காற்று வந்து எடுத்துக்கொண்டு போனால் கோழி பிழைக்கும். வெளியே 39 டிகிரி, உள்ளே காற்று நின்றுபோய் 41 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கோழியும் காற்றும் ஒரே சூடு. தோல் வழியாக ஒரு துளிச் சூடும் வெளியேறாது. மிச்சம் இருப்பது மூச்சு. நிமிஷத்துக்கு 25, 30 தடவை விடுகிற மூச்சை 150க்கு மேல் ஏற்றிக்கொண்டு, தொண்டை ஈரத்தை ஆவியாக்கி உயிரைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறது. அப்படி இரைக்கும்போது ரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறுகிறது. முட்டை ஓடு செய்ய அந்தச் சரக்கு வேண்டும். அது போய்விட்டால் ஓடு மெலிகிறது. கோடையில் வாங்கும் முட்டை பையிலேயே விரிசல் விட்டால் கடைக்காரரைத் திட்டாதீர்கள். எங்கேயோ ஒரு கோழி மூச்சு வாங்கியதன் ரசீது அது.

அதாவது, அந்த மதியம் கோழியைக் கொன்றது வெளியிலிருந்து வந்த சூடு மட்டும் இல்லை. தன் சூடு, பக்கத்துக் கோழியின் சூடு, அதற்கடுத்த கோழியின் சூடு. வெளியே போக வழியில்லாமல் தேங்கிய சூடு. வெயில் கடைசி இரண்டு டிகிரியை மட்டும் சேர்த்தது. கொலைக் கேஸில் கடைசி அடி அடித்தவனை மட்டும் பிடித்து உள்ளே போட்டுவிட்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்புவது போலத்தான் நம் செய்தி எழுதும் லட்சணம்.

*

நாமக்கல் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் பண்ணைகளைப் பார்த்திருப்பீர்கள். மூக்கால் பார்த்திருப்பீர்கள் என்றும் சொல்லலாம். தரையில் தூண்கள், ஆள் உயரத்துக்கு மேல் கூண்டு வரிசைகள், எச்சம் நேரே கீழே விழுந்து குவியும், இரண்டு பக்கமும் சுவருக்குப் பதிலாகக் கம்பி வலை. இதை முதலில் யோசித்துக் கட்டியவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும், அப்போதுதான் காலை வெயிலும் மாலை வெயிலும் பக்கவாட்டில் பாயாது. அகலம் 30 அடியைத் தாண்டக்கூடாது, தாண்டினால் ஒரு பக்கம் நுழைந்த காற்று நடுவிலேயே களைத்துவிடும். கூரை பக்கவாட்டில் மூன்று நாலு அடி நீண்டிருக்க வேண்டும். உச்சியில் சூடு வெளியேற இடைவெளி வேண்டும். ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவே தாராளமாக வெற்றிடம் வேண்டும். கரன்ட் செலவில்லாமல், ஃபேன் இல்லாமல் காற்றை வேலை வாங்குகிற கட்டடம். மின்சாரத்தை நம்பமுடியாத ஊருக்கு இதைவிடப் புத்திசாலியான வீடு கட்ட முடியாது.

அப்புறம் என்ன ஆயிற்று? பேராசை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். நடந்தது அப்படி ஒரே நாளில் நடக்கவில்லை. முதலில் ஷெட்டுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தில் இன்னொரு ஷெட் முளைத்தது. அடுத்து, கீழே குவிந்த எருவை அள்ளுவது தள்ளிப்போனது. ஆறு மாசம், ஒரு வருஷம் என்று அது ஏற ஏற கூண்டுக்கு அடியில் ஓடவேண்டிய காற்றுக்கு ஓர் அணை கட்டியாகிவிட்டது. கம்பி வலையில் சிறகுத் தூசியும் ஒட்டடையும் அப்பி, வலை பாதிச் சுவராகிவிட்டது. ஒட்டடை அடிப்பதற்கு ஒரு பைசா முதலீடு வேண்டாம், கைக்கு ஒரு விளக்குமாறு போதும். ஆனாலும் அடிப்பதில்லை. மழைக்காலத்தில் சாரலுக்கு இறக்கிவிட்ட படுதாவை மழை விட்டபிறகும் சுருட்டுவதில்லை. உள்ளே அம்மோனியா நெடி ஏறி, முட்டை எடுக்கிற பெண்களுக்குக் கண் எரியும். கோழிக்கும் அதே கண்தான், ஆனால் அது வெளியே வந்து முகம் கழுவ முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலே, கூண்டுக்கு மூன்று என்று கணக்குப் போட்டுக் கட்டிய இடத்தில் நாலாவது கோழி நுழைந்தது.

தலைக்கு 60, 70 சதுர அங்குலம் என்பது நம் பண்ணைகளில் காலங்காலமாக ஓடிய கணக்கு. நீங்கள் இப்போது கையில் பிடித்திருக்கும் பத்திரிகையின் ஒரு பக்கத்தை விடச் சின்ன இடம். இதை ஜீவகாருண்யப் பிரச்னையாக மட்டும் பார்க்கிறவர்கள் உண்டு. நான் இதை அடுப்புப் பிரச்னையாகவும் பார்க்கச் சொல்கிறேன். நாலாவது கோழி என்றால் அதே இடத்தில் இன்னொரு 10 வாட். சூட்டில் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, காற்று நுழைகிற சந்து குறைகிறது. இரண்டும் ஒரே நேரத்தில்.

*

கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து பண்ணையாளர்களுக்கு வானிலை ஆலோசனை வரும். பல வருஷமாக வருகிறது, பொறுப்பாகச் செய்கிறார்கள், எனக்கு அதில் குறையில்லை. கூரைக்கு வெள்ளை அடி, கூரை மேல் தண்ணீர் தெளிப்பான் போடு, பக்கவாட்டில் ஈரச் சாக்கு தொங்கவிடு, வைட்டமின் சி கொடு, தீவனத்தை விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் மாற்று. அத்தனையும் நியாயமான யோசனை. தின்ற தீவனம் செரிக்கும்போது நாலைந்து மணி நேரம் கழித்து உடம்பில் சூடு உச்சத்துக்குப் போகும். காலை 9 மணிக்கு வயிறு முட்டத் தீனி போட்டால் மதியம் 2 மணிக்கு உள்ளேயும் அடுப்பு, வெளியேயும் அடுப்பு. இதைத் தெரிந்து செய்கிற பண்ணையாளருக்குக் கோழி கூடுதலாகப் பிழைக்கும்.

கோழி அடர்த்தியைக் குறையுங்கள் என்றும் நிபுணர்கள் சொல்லத்தான் செய்கிறார்கள். கோழிப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்த ஒரு வரி மட்டும் யார் காதிலும் ஏறுவதில்லை. வைட்டமின் பவுடர் விற்க ஆள் இருக்கிறார்கள். தெளிப்பான் விற்க ஆள் இருக்கிறார்கள். ‘கூண்டிலிருந்து ஒன்றை வெளியே எடு’ என்ற யோசனையை விற்று யாருக்கு என்ன கமிஷன்?

தெளிப்பான் விஷயத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். ஷெட்டுக்குள் பனி மாதிரி தண்ணீரைத் தூவுகிற ஃபாகர் என்று ஒன்று இருக்கிறது. காற்று ஓடுகிற காய்ந்த மதியத்தில் அது அமிர்தம். காற்றே அசையாத, கோடை மழைக்கு மூட்டம் போட்ட மதியத்தில் அதே ஃபாகரைத் திறந்தால் உள்ளே ஈரம் ஏறும், போகாது. மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணி காய்கிறதா? அதே கதைதான் கோழியின் தொண்டைக்கும். ஈரக் காற்றில் அதன் மூச்சு ஈரம் ஆவியாகாது. இருந்த ஒரே கதவையும் நாமே மூடிய மாதிரி. காற்றோட்டம் இல்லாத இடத்தில் தண்ணீர் வைத்தியம் அரைகுறை வைத்தியம். சமயத்தில் விஷம்.

கூரை மேல் வெயிலில் காய்கிற கறுப்புத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றியும் சொல்லலாம். அதிலிருந்து வெயிலில் கிடக்கும் பி.வி.சி. குழாய் வழியே நிப்பிளுக்கு வருகிற தண்ணீரை மதியம் 2 மணிக்குக் கையில் பிடித்துப் பாருங்கள். ரசம் வைக்கலாம். கோடையில் கோழி தீவனத்தைப் போல மூன்று நாலு மடங்கு தண்ணீர் குடித்தாக வேண்டும், இந்தத் தண்ணீரை எந்தக் கோழி குடிக்கும்? தொட்டிக்கு மேல் ஒரு ஓலைப் பந்தல் போட எத்தனை ரூபாய் ஆகும்?

*

இந்த இடத்தில் பண்ணைக்காரர் குறுக்கிடுவார். குறுக்கிட வேண்டும்.

“ஏனுங்க, கோழி செத்தா எனக்குத்தானுங்க நட்டம்? எங்கோழிய நானே கொல்லுவனா?”

கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. கோழி வளர்ப்பு பற்றி யார் என்ன கேட்டாலும் கடைசியில் வந்து நிற்கிற பதில் இதுதான். இதற்குப் பதில் சொல்லாமல் மற்றதைப் பேசிப் பிரயோஜனமில்லை.

நாலாவது கோழி வருஷத்துக்கு 300 முட்டைக்கு மேல் போடுகிறது. அதற்காகப் புதிதாக ஷெட் கட்டவில்லை, கூண்டு வாங்கவில்லை, ஆள் போடவில்லை. தீவனமும் குஞ்சு வளர்த்த செலவும் மட்டும்தான். ஆக அது போடும் ஒவ்வொரு முட்டையிலும் லாபம் மற்ற மூன்றையும் விட அதிகம். கோடையில் மோசமான நாட்கள் எத்தனை? பத்து, பதினைந்து. அந்தப் பத்து நாளில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ செத்தாலும் மீதி 350 நாள் கணக்கு லாபத்தில் நிற்கிறது. பண்ணைக்காரர் கொடூரமானவர் இல்லை. அவருக்கு வங்கிக் கடன் இருக்கிறது, மக்காச்சோள விலை இருக்கிறது, தினமும் காலையில் வேறு யாரோ அறிவிக்கும் முட்டை விலை இருக்கிறது. பக்கத்துப் பண்ணையில் நாலு போடும்போது இவர் மூன்று போட்டால் இவர்தான் முதலில் கடையை மூடுவார். அவரைத் தனியாக நிறுத்தித் திட்டுவது எனக்கு விருப்பமில்லை.

ஆனால் ‘எனக்குத்தானே நட்டம்’ என்பது உண்மையில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். நஷ்டம் முன்கூட்டியே கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. கோடைச் சாவு விபத்து இல்லை. அது செலவுக் கணக்கில் ஒரு வரி. வரவும் செலவும் தெரிந்தே போட்ட கணக்கில் விழுகிற பிணத்துக்கு ‘வெயில் கொடுமை’ என்று பேர் வைக்கிறோம். வெயில் மறுப்பு அறிக்கை விடாது அல்லவா?

கோழியை ஒன்று குறைத்தால் முட்டை விலை எங்கே போய் நிற்கும் என்று பயப்படுகிறீர்களா? ஒரு முட்டை உற்பத்திக்கு ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் தீவனமும் குஞ்சு வளர்த்த செலவும் நாலு ரூபாய்க்கு மேல். கோழியைக் குறைத்தால் அந்தச் செலவும் கூடவே குறையும். ஷெட், கூண்டு, கூலி, கரன்ட் என்ற மிச்ச 80 பைசாவைத்தான் நாலு கோழிக்குப் பதில் மூன்று சுமக்க வேண்டும். கணக்குப் போட்டால் முட்டைக்கு 25, 30 பைசா. இதில் சாவு குறைவதால், விரிசல் முட்டை குறைவதால் வரும் மிச்சத்தை நான் கழிக்கவே இல்லை. ஒரு ஆம்லெட்டுக்கு ஐம்பது காசு. அதற்கு மேல் வெங்காயம் விலை ஏறும்போதெல்லாம் முனகாமல் கொடுக்கிறோம்.

*

இப்போது இன்னொரு கோஷ்டி வருகிறது. “ஸார், இந்தத் தொல்லையே வேண்டாம். மூடின ஷெட் கட்டிருங்க. எல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும்.”

புதிதாக முதல் போடுகிறவர்கள் பலர் இந்தப் பக்கம்தான் போகிறார்கள். நாலு பக்கமும் சுவர். ஒரு முனையில் ஏர் கூலரில் இருப்பது போலத் தேன்கூடு அட்டை, அதில் தண்ணீர் வழியும். மறுமுனையில் ஆள் உயர ராட்சச ஃபேன்கள். ஃபேன் காற்றை உறிஞ்ச, ஈர அட்டை வழியே குளிர்ந்த காற்று நுழைந்து, ரயில் சுரங்கத்தில் போவது போல ஷெட் முழுக்க ஓடி வெளியேறும். அடுக்கு மேல் அடுக்காகக் கூண்டு. ஒரே கட்டடத்தில் ஐம்பதாயிரம், ஒரு லட்சம் கோழி.

இது வேலை செய்யும். நாமக்கல் போலக் காய்ந்த வெயில் அடிக்கும் ஊரில் நன்றாகவே செய்யும். (வானிலை இலாகா தினமும் சொல்கிற கரூர் பரமத்தி காவிரிக்கு அக்கரையில் இருக்கிறது, நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேறு. ஆனால் வெயில் ஆற்றைப் பார்த்துத் திரும்பிப் போவதில்லை.) ஏர் கூலர் நாக்பூரில் ஜிலுஜிலு என்று இருக்கும், சென்னையில் புழுங்கும். காரணம் காற்றின் ஈரம். உள்ளே மணிக்கணக்காகப் புழுங்குகிற கடலோர ஊர்களில் இந்த அட்டை இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் குறைக்காது. அங்கே கோழியைக் காப்பாற்றுவது அட்டை இல்லை, மேலே படுகிற காற்றின் வேகம்.

என் பயம் வேறு. ஒரு கோழியின் சூட்டை வெளியேற்ற, உள்ளே இரண்டு டிகிரிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ள, மணிக்குச் சுமார் 9 கன மீட்டர் காற்று வேண்டும். ஒரு லட்சம் கோழிக்கு 9 லட்சம். பத்துக்குப் பத்து அறையில், பத்தடி உயரத்தில் இருப்பது 28 கன மீட்டர். ஆக, மணிக்கு முப்பதாயிரம் அறை நிறையக் காற்றை அந்த ஃபேன்கள் இழுத்துத் தள்ளியாக வேண்டும். ராத்திரி பகல், ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, பொங்கல்.

இப்போது கரன்ட் போகிறது.

வலைக் கம்பி ஷெட்டில் கரன்ட் போனால் கோழிக்கு விளக்கு அணையும், அவ்வளவுதான். 2012ல் தமிழ்நாடு பன்னிரண்டு, பதினாறு மணி நேரம் இருட்டில் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அன்றைக்கு நாமக்கல் கோழிகள் மூச்சு விட்டது தூணும் வலையுமாகக் கட்டிய பழைய ஷெட்டின் புண்ணியம். மூடின ஷெட்டில் ஃபேன் நின்றால், லட்சம் கோழியின் சூட்டுக்கு உள்ளே இருக்கும் காற்று நிமிஷத்துக்கு இரண்டு மூன்று டிகிரி ஏற வேண்டும் என்கிறது கணக்கு. சுவரும் கூண்டும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், அதனால் சற்றுத் தாமதமாகும். அரை மணி நேரம் கோடையில் தாங்காது. ஜெனரேட்டர் இருக்கிறது என்பார்கள். இருக்கும். டீசல் இருக்கிறதா, பேட்டரி இருக்கிறதா, ராத்திரி 2 மணிக்குத் தானாக ஸ்டார்ட் ஆகுமா, ஆகாவிட்டால் யார் செல்போன் அடிக்கும், அந்த ஆள் எவ்வளவு தூரத்தில் தூங்குகிறார்? தாவரத்துக்குத் தண்ணீர் விட மறந்தால் இரண்டு நாள் அவகாசம் உண்டு. இங்கே இருபது நிமிஷம்.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றுகிறதா? அமெரிக்காவில் ஃபேனை நிறுத்துவதையே கொல்லும் முறையாக வைத்திருக்கிறார்கள். பறவைக் காய்ச்சல் வந்தால் பண்ணைக் கோழி மொத்தத்தையும் கொன்றாக வேண்டும். லட்சக்கணக்கில் ஒவ்வொன்றாகக் கொல்ல ஆளில்லை. காற்று வரும் வழியை அடைத்து, ஃபேனை அணைத்து, கூடவே உள்ளே சூட்டையும் ஏற்றிவிடுகிறார்கள். அந்த நாட்டுக் கால்நடை மருத்துவர் சங்கம் 2019ல் வெளியிட்ட வழிகாட்டியில், வேறு வழியில்லாத நெருக்கடிக்கு என்ற நிபந்தனையோடு இதற்கு இடம் தரப்பட்டிருக்கிறது. 2022 மார்ச்சில் அயோவா மாநிலத்தில் ஒரே பண்ணையில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைக்கோழிகளை இப்படித்தான் முடித்தார்கள். அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களிலேயே பலர் இதை எதிர்த்துக் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள்.

நான் இதை இங்கே சொல்வது அமெரிக்காவைத் திட்ட இல்லை. ஸ்விட்சை அணைத்தால் சாவு நிச்சயம் என்று ஒரு நாடு எழுதியே வைத்திருக்கிற கட்டடத்தை, ஸ்விட்ச் தானாகவே அணைகிற ஊருக்குக் கொண்டுவந்து இறக்குகிறோம். இறக்கும்போது இரண்டு கேள்வியாவது கேட்டுவிட்டு இறக்க வேண்டாமா?

*

சட்டம் இல்லையா என்பீர்கள். 1960ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அசைய இடமில்லாத கூண்டில் ஒரு பிராணியை அடைப்பது அதன்படி குற்றம். மத்திய சட்ட கமிஷன் 2017ல் கோழி வளர்ப்புக்கென்றே தன் 269வது அறிக்கையை எழுதியது. 2019ல் மத்திய அரசு முட்டைக்கோழிக்கு வரைவு விதிகள் வெளியிட்டபோது தலைக்கு 550 சதுர சென்டிமீட்டர் என்று ஓர் அளவு போட்டார்கள். ஜெராக்ஸ் கடை ஏ4 தாள் 620க்கு மேல் வரும், அதைவிடச் சின்னது. அதற்கே தொழிலில் எதிர்ப்பு. ஐரோப்பிய யூனியனில் வெறும் கம்பிக் கூண்டை 2012 ஜனவரியோடு மூட்டை கட்டிவிட்டார்கள். முட்டை சாப்பிடுவதை அவர்கள் விட்டுவிடவில்லை.

ஆனால் சட்டத்தை நம்பி உட்காருகிற பழக்கம் எனக்குக் குறைவு. இன்ஸ்பெக்டர் வருவார், டீ குடிப்பார், போவார். எனக்குத் தெரிந்து இந்த விவகாரத்தில் சட்டத்தை விடப் பலமான ஆயுதம் ஒன்று தமிழ்நாடு அரசின் கையில் இருக்கிறது. அதன் பேர் டெண்டர்.

சத்துணவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு 1989ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்தது, வளர்ந்து வளர்ந்து 2010ல் வாரம் ஐந்து என்றானது. பெருமைப்பட வேண்டிய விஷயம், எந்தக் கட்சி செய்தது என்று நான் பாகம் பிரிக்கப் போவதில்லை. இத்தனை முட்டையை மொத்தமாக வாங்குகிற வாடிக்கையாளர் நாட்டில் வேறு யார்? அந்த வாடிக்கையாளர் டெண்டரில் முட்டையின் எடை இத்தனை கிராம் இருக்க வேண்டும் என்று எழுதுகிறார். முட்டை இட்ட கோழிக்குக் காற்று வந்ததா என்று ஏன் எழுதக்கூடாது? கூண்டுக்கு இத்தனை கோழி, கூண்டு உயரத்தில் ஒரு தெர்மாமீட்டர், கோடையில் தினசரிச் சாவு எண்ணிக்கை, மூடின ஷெட் என்றால் தானாக ஸ்டார்ட் ஆகும் ஜெனரேட்டரும் அபாய மணியும், கரன்ட் போனால் தானாகத் திறந்துகொள்கிற ஜன்னலும். இதைக் காட்டுகிற பண்ணையிடம்தான் வாங்குவேன், முட்டைக்கு 25 பைசா கூடவே தருவேன் என்று அரசு ஒரு வரி எழுதட்டும். அந்தப் பக்கத்துப் பண்ணைப் போட்டி இருக்கிறதே, நாலு போடாவிட்டால் கடையை மூட வேண்டும் என்ற பயம், அது அடுத்த கோடைக்குள் திசை மாறும்.

தெர்மாமீட்டர் என்று சொன்னதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல காற்று வருகிற ஆபீஸ் ரூம் சுவரில் அதை மாட்டி வைத்துக்கொண்டு 37 டிகிரிதான் என்று சொல்வதில் அர்த்தமில்லை. நடு வரிசையில், மேல் அடுக்குக் கூண்டில், கோழியின் தலை இருக்கும் உயரத்தில் மாட்டினால்தான் நிஜம் தெரியும்.

இன்னொரு விஷயமும் யோசிக்கத்தக்கது. மே மாதம் பள்ளிக்கூடம் லீவ். சத்துணவு முட்டை கொள்முதல் அந்த மாதம் படுத்துவிடும். சரியாக அந்த மாதத்தில்தான் ஷெட்டுகள் நிரம்பி வழிகின்றன, கோழிகள் விழுகின்றன. வயதான கோழிகளை மே முடிந்து விற்பதற்குப் பதில் மார்ச்சிலேயே விற்கிற மாதிரி குஞ்சு இறக்கும் தேதியைத் திட்டமிட முடியும். ஒன்றரை வருஷம் முன்னால் காலண்டரைப் பார்த்தால் போதும். முகூர்த்தம் பார்த்துக் கல்யாணம் வைக்கிற ஊரில் இது முடியாத காரியமா?

சாவுக் கணக்கும் வேண்டும். 2015 மே மாத வெயிலில் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் மனிதர்களே ஆயிரக்கணக்கில் செத்தார்கள். கோழிகள் லட்சக்கணக்கில். எந்த மாதிரி ஷெட்டில் அதிகம், கூண்டுக்கு எத்தனை இருந்த இடத்தில் அதிகம், எரு அள்ளிய பண்ணைக்கும் அள்ளாத பண்ணைக்கும் என்ன வித்தியாசம் என்று உட்கார்ந்து எண்ணியிருந்தால் இன்றைக்கு இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. நம் ஊரில் எந்த ஊரில் எத்தனை மில்லிமீட்டர் மழை என்று தினமும் காலையில் பட்டியல் வருகிறது. பத்தாயிரம் கோழிக்கு மேல் வைத்திருக்கிற பண்ணை ஒவ்வொன்றும் மார்ச்சிலிருந்து ஜூன் வரை தினம் எத்தனை செத்தது, உள்ளே எத்தனை டிகிரி என்று இரண்டு எண் அனுப்பினால் போதும். பண்ணைப் பேர் கூடப் போட வேண்டாம், மாவட்டவாரியாகப் போடுங்கள். அடுத்த டெண்டர் நோட்டீஸ் வருவதற்குள் இதைச் செய்ய முடியுமா என்பதைச் சமூக நலத்துறையும் கால்நடைத் துறையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சொல்லட்டும்.